எஞ்சினின் சுழல்திசை: எப்பக்கம் நின்று நோக்குவது?

மோட்டார் வண்டியின் எஞ்சின் எத்திசையிற் சுழல்கின்றது என்னும் வினா மேலோட்டமாக நோக்குமிடத்து மிக எளியதாகவே தோன்றும். வலமா இடமா என்பதற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாமென்றே எவரும் எண்ணுவர். ஆயினும், ஜேர்மானிய நியமத்தைத் தழுவிய ஒரு கைந்நூலையும் அமெரிக்க நியமத்தைத் தழுவிய ஒரு கைந்நூலையும் அருகருகே விரித்து வைத்து நோக்குவோமாயின், ஒரே போக்கிற் சுழலும் எஞ்சின்களை முன்னையது வலஞ்சுழி என்றும் பின்னையது இடஞ்சுழி என்றும் வழங்குதலைக் காணலாம். இரண்டில் எதுவும் பிழையன்று. இம்முரண்பாடு எவ்வாறு எழுந்தது, அதன் பின்னணியில் அமைந்த வரலாறு யாது, கண்டியைச் சூழ்ந்த மலைப்பாதைகளில் வண்டியோட்டுவோருக்கும் அவ்வண்டிகளைத் திருத்துவோருக்கும் அது வெறுஞ் சொற்பூசலாக அமையாமைக்குக் காரணம் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடியாலான முகப்பும் கண்ணாடியாலான முதுகும் கொண்ட ஒரு மணிக்கூட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னின்று நோக்குபவருக்கு அதன் முட்கள் வலஞ்சுழியாகச் செல்லும். பின்னின்று நோக்குபவருக்கு அதே முட்கள், அதே கணத்தில், இடஞ்சுழியாகச் செல்லும். சுழற்சி என்பது நோக்குபவர் நிற்கும் இடத்தைக் கூறாதவிடத்துப் பொருள் தராத ஒன்று. இதற்கு மாறாகத் திருகாணியின் புரி எப்பக்கமிருந்து நோக்கினும் மாறுவதில்லை. வலம்புரித் திருகாணியை எத்தனை முறை தலைகீழாகப் பிடித்தாலும் அது வலம்புரியாகவே இருக்கும். சுழற்சியையும் புரியையும் நம்மவர் பலர் ஒன்றெனக் கொண்டு மயங்குவதால் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே வற்புறுத்த வேண்டியுள்ளது.

தமிழ் வழக்கில் இவ்விடர்ப்பாடு புதியதன்று. நாம் பெரிதும் போற்றும் வலம்புரிச் சங்கை விலங்கியலார் இடப்புரிச் சங்கு என வகுப்பர். காரணம் எளிது. அவர்கள் சங்கின் சுருள்முனையை மேலாகவும் வாயைத் தம்மை நோக்கியும் பிடிப்பர். அவ்வாறு பிடிக்கும்போது வாய் இடப்புறம் அமையும். சுருள்முனையைக் கீழாக்கிப் பிடித்தால் அதே வாய் வலப்புறம் அமையும். சங்கு ஒன்றே, பிடிக்கும் முறை வேறு. ஆனால் கோவிலையோ விகாரையையோ வலம் வருதல் என்னும் வழக்கில் இத்தகைய மயக்கம் எழுவதில்லை. வணங்கப்படுவது வலக்கைப் புறமாக இருக்குமாறு சுற்றிவருதலே வலம் வருதலாகும். நோக்குமிடம் அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. எஞ்சின் பற்றிய சொற்களிலும் இத்தகைய அடக்கம் வேண்டுமென்பதே நாம் கூறவருவது.

மணிக்கூட்டுத் திசை என்பதேனும் இயற்கையிற் பிறந்த மாறாத அளவுகோலா என்று வினவலாம். வட அரைக்கோளத்தின் நடுநிலப் பகுதிகளில் நாட்டப்பட்ட கம்பத்தின் நிழல் மேற்கிலிருந்து வடக்கினூடாகக் கிழக்குக்குச் செல்லும். இயந்திர மணிக்கூட்டின் முட்கள் இந்நிழலின் போக்கையே பின்பற்றின எனப் பொதுவாக விளக்குவர். கண்டி நகரமோ வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்று மேலே அமைந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடக்கம் செப்ரெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் இங்கு உச்சிக்கு வடக்கே நிற்கும். அம்மாதங்களில் கண்டி வாவிக் கரையில் ஒரு கம்பத்தை நாட்டினால், நண்பகலை அடுத்த வேளையில் அதன் நிழல் மேற்கிலிருந்து தெற்கினூடாகக் கிழக்குக்கு, அதாவது மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையிற் செல்வதைக் காணலாம். மணிக்கூடு இத்தீவில் தோன்றியிருப்பின் அதனை அமைத்தவர்கள் ஆண்டின் எம்மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டிருப்பரோ என எண்ணிப் பார்ப்பது சுவையானதே.

இனி எஞ்சினுக்கு வருவோம். எஞ்சினின் கிராங்குத்தண்டுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனையிற் பாரமான பறப்புச்சில்லு பூட்டப்பட்டிருக்கும். கிளச்சும் கியர்ப்பெட்டியும் அதற்கு அப்பால் அமையும். மற்றைய முனையில் விசிறிப் பட்டியை இழுக்கும் கப்பி அமையும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் நியமம் வலு வெளிப்படும் முனையிலிருந்து, அதாவது பறப்புச்சில்லின் பக்கமிருந்து நோக்கிச் சுழல்திசையைக் கூறும். அதன்படி வழமையான கார் எஞ்சின் இடஞ்சுழியானது. ஜேர்மானிய டின் நியமம் வலு வெளிப்படும் முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது கப்பியின் பக்கமிருந்து நோக்கும். அதன்படி அதே எஞ்சின் வலஞ்சுழியானது. சர்வதேச நியம நிறுவனமும் வலு வெளிப்படும் முனையையே நோக்கிடமாகக் கொண்டது. இலங்கையின் தெருக்களில் பிரித்தானியக் கார்களும், ஜேர்மானிய மரபில் வந்த இந்திய லொறிகளும், ஜப்பானிய வான்களும் ஒருங்கே ஓடுகின்றன. ஒரே கராஜில் ஒரே பாஸின் கையில் இவை யாவும் வந்து சேர்கின்றன. அவரிடமுள்ள கைந்நூல்களோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

எஞ்சினின் முன்புறம் என்று கூறிவிட்டால் சிக்கல் தீருமெனச் சிலர் கருதலாம். அதுவும் தீராது. வோக்ஸ்வாகன் பீற்றில் காரில் எஞ்சின் பின்னே அமைந்தது. கப்பி வண்டியின் பின்புறத்தை நோக்கி நிற்கும். கப்பிப் பக்கமிருந்து நோக்க அவ்வெஞ்சின் வழமைபோல வலஞ்சுழியே. வண்டியின் முன்னின்று நோக்குவதாகக் கொண்டால் அது இடஞ்சுழியாகிவிடும். குறுக்காக எஞ்சின் பொருத்தப்பட்ட இக்காலச் சிறு கார்களில் கப்பி வண்டியின் ஒரு பக்கச் சில்லை நோக்கி அமைந்திருத்தலால், வண்டியின் முன்புறம் என்னும் தொடர் அங்கு எவ்வகையிலும் உதவாது. ஆகவே இக்கட்டுரையில் இனிமேல் வலஞ்சுழி, இடஞ்சுழி என எஞ்சினைக் குறிக்குமிடமெங்கும் கப்பிப் பக்கமிருந்து நோக்குவதாகவே கொள்க.

பெரும்பாலான கார் எஞ்சின்கள் வலஞ்சுழியாக இருத்தல் ஏன்? எரிபொருளுக்கோ இரும்புக்கோ திசை விருப்பம் கிடையாது. உருளையினுள் ஏறி இறங்கும் முசலம், தண்டு எப்பக்கம் சுழலினும் ஒரேவிதமாகவே தொழிற்படும். விடையைப் பௌதிகத்திலன்றி மனித உடலிலேயே தேட வேண்டியுள்ளது. 1891ஆம் ஆண்டளவில் பிரான்சின் பனாட் லெவாசர் நிறுவனத்தார் எஞ்சினை முன்னேயும் இழுக்குஞ் சில்லுகளைப் பின்னேயும் வைத்து அமைத்த ஒழுங்கு விரைவிற் பொது வழக்காயிற்று. எஞ்சினைக் கிளப்புதற்குக் கைப்பிடியை வண்டியின் முகப்பிலே நுழைத்துச் சுற்றுதலே அதன்பின் எளிய வழியாயிற்று. வண்டியை நோக்கி நிற்கும் வலக்கைப் பழக்கமுடைய ஒருவர், கைப்பிடியைக் கீழிருந்து இடப்புறமாக மேல்நோக்கி இழுக்கும்போது அதிக வலுவும் ஓரளவு பாதுகாப்பும் பெறுகின்றார். அவ்விழுப்பு வலஞ்சுழியானது.

பாதுகாப்பு என நாம் கூறியது சற்று விரிவாக நோக்கத்தக்கது. தீப்பொறி உரிய வேளைக்கு முன்னரே பிறந்துவிட்டால், மேலேறிக்கொண்டிருக்கும் முசலம் வந்த வழியே உதைத்துத் திரும்பும். கைப்பிடியும் எதிர்த்திசையில் வீசியடிக்கும். மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருப்பவரின் விரல்களிலிருந்து கைப்பிடி கீழே நழுவி ஓடிவிடும். பெருவிரலைப் பிடிக்கு அப்பால் வளைக்காமல் மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டுமெனப் பழைய சாரதிகள் கற்பித்தது இதன் பொருட்டே. ஆனால் வலப்புறத்திற் கைப்பிடியைக் கீழ்நோக்கி அமுக்கியவரின் முன்கையை அது மேலெழுந்து தாக்கும். மணிக்கட்டுக்கு அருகே ஆரை எலும்பின் முனையில் ஏற்படும் ஒருவகை முறிவை இன்றும் மருத்துவர்கள் சாரதி முறிவு என்னும் பொருள்பட வழங்குகின்றனர். ஒரு தொழிலின் ஆபத்து எலும்பியலில் தன் பெயரைப் பதித்துவிட்டுச் சென்றிருக்கின்றது. அம்முறிவுக்கு ஆளானோர் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளரல்லர், அவரிடம் கூலிக்கமர்ந்த சாரதிகளே என்பதையும் அப்பெயரே சொல்லாமற் சொல்கின்றது.

சாள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னரும் நெடுங்காலம் கைப்பிடி மறையவில்லை. இலங்கையிற் பெரிதும் பழக்கமான மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களின் முகப்பில் அதனை நுழைக்கும் துளை அமைந்திருந்தது. இக்காலக் கார்களில் அத்துளை இல்லை. ஆயினும் திசை மாறவில்லை. ஸ்டார்ட்டர், நீர்ப்பம்பி, எண்ணெய்ப் பம்பி, பின்னச்சின் பற்சில்லுகள் யாவும் அத்திசைக்கெனவே வடிவமைக்கப்பட்டுவிட்டன. வேறுவேறு தொழிற்சாலைகள் தத்தம் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்யவேண்டியிருந்தமையால், ஒருவர் தனித்துத் திசைமாறுதல் பெருஞ் செலவாயிற்று. தேவை மறைந்தபின்னும் அத்தேவையால் உருவான வழக்கம் உற்பத்தி அமைப்பினுட் படிந்து நிலைத்துவிடுதலுக்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டு.

இவ்வழக்கத்தை மீறியோரும் உளர். ஹொண்டா நிறுவனத்தின் கார் எஞ்சின்களிற் பல நெடுங்காலம் இடஞ்சுழியாகவே இருந்தன. 2001ஆம் ஆண்டளவில் வெளிவந்த கே வரிசை எஞ்சின்களே ஏனையோரின் திசைக்கு மாறின. ஜெனரல் மோட்டர்ஸ் 1960 முதல் 1969 வரை விற்ற கோவேயர் காரின் எஞ்சினும் இடஞ்சுழியானது. அமெரிக்க இளைஞர் சிலர் அதனை எடுத்து வோக்ஸ்வாகன் கியர்ப்பெட்டியோடு பூட்டினர். உரிய மாற்றத்தைச் செய்யாது பூட்டினால் வண்டிக்கு முன்செல்ல ஒரு கியரும் பின்செல்ல நான்கு கியர்களுமே வாய்க்கும்.

ஏன் அவ்வாறு நிகழ்கின்றதென்பதை அறியத் திசை எவ்வாறு கைமாறிச் செல்கின்றதென நோக்குதல் வேண்டும். ஒன்றையொன்று கடிக்கும் இரு பற்சில்லுகள் எப்போதும் எதிரெதிராகவே சுழலும். பின்சில்லுகளை இழுக்கும் வழமையான காரின் முன்கியர்களில் இத்தகைய கடிப்பு இருமுறை நிகழ்வதாலோ, நேரடிக் கியராயின் ஒருமுறையேனும் நிகழாததாலோ, வெளிச்செல்லும் தண்டு எஞ்சினின் திசையிலேயே சுழல்கின்றது. பின்கியரில் இடையே மேலுமொரு பற்சில்லு புகுவதால் திசை புரள்கின்றது. பின்னச்சை அடைந்ததும் பினியன் எனப்படும் சிறுபற்சில்லு கிறவுண் சில்லைக் கடிக்கின்றது. வழமையான திசையில் வரும் சுழற்சி வண்டியை முன்செலுத்த வேண்டுமாயின், கிறவுண் சில்லு பினியனுக்கு இடப்புறத்தில் அமைதல் வேண்டும். வலப்புறத்தில் அமைந்தால் முதற்கியரில் வண்டி பின்செல்லும்.

இதன் ஒரு விளைவை மழைக்காலத்தில் ஹந்தானைப் பாதையில் ஏறும் பழைய வண்டிகளிற் காணலாம். நீள்தண்டு தன் சுழற்சியோடு பின்னச்சையும் சற்றுப் புரட்ட முயல்வதால் இடச்சில்லு தரையில் அழுந்த, வலச்சில்லின் பாரம் குறைகின்றது. ஆகவே ஈரத்தெருவில் முதலிற் சறுக்கிச் சுழல்வது பெரும்பாலும் வலப் பின்சில்லே.

சில்லு பற்றிய பேச்சோடு சுரைகள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முன்செல்லும் வண்டியை இடப்புறம் நின்று நோக்கினாற் சில்லு இடஞ்சுழியாகவும், வலப்புறம் நின்று நோக்கினால் வலஞ்சுழியாகவும் உருளும். இதனால் இருபக்கச் சுரைகளின் மேலும் தாக்கும் விசைகள் கண்ணாடி விம்பம்போல் எதிரானவை. பழைய பிரித்தானிய லொறிகளிலும் ஜப்பானிய லொறிகளிலும் இடப்பக்கச் சுரைகளுக்கு இடம்புரியும் வலப்பக்கச் சுரைகளுக்கு வலம்புரியும் இடப்பட்டமை அவை ஓட்டத்திலே தளராதிருத்தற் பொருட்டாகும். இதனை அறியாத உதவியாளர் இடச்சில்லைக் கழற்ற முயன்று, வழமையான திசையிலேயே முழுப் பலத்தையும் செலுத்தி, சுரையை இறுக்கி இறுக்கி ஈற்றில் ஆணியையே முறித்துவிடுவதுண்டு. ஆணியின் தலையில் எல் என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்தின் பொருளை அவருக்கு எவரும் கூறியிருக்கமாட்டார்.

சுழற்சி பற்சில்லுகளால் மட்டுமன்றிப் பட்டிகளாலும் கடத்தப்படுகின்றது. இதனை நேரிற் காண விரும்புவோர் ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்டு, 2001 தொடக்கம் நூதனசாலையாக விளங்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லலாம். அக்காலப் பொறிகள் அங்கு பேணப்படுகின்றன. மின்மோட்டார்கள் பரவுமுன் மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓர் எஞ்சினே கூரைக்குக் கீழோடும் நெடுந்தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தட்டைப் பட்டிகள் ஒவ்வொரு பொறிக்கும் இறங்கும். நேராக மாட்டிய பட்டி திசையை மாற்றாது கடத்தும். எட்டு என்னும் இலக்கம்போற் குறுக்கிட்டு மாட்டிய பட்டி திசையைப் புரட்டும். அங்கு பணிபுரிந்த தோட்டத் தொழிலாளருக்கு ஆங்கிலச் சொற்கள் தேவைப்படவில்லை. பட்டியின் கிடையே திசையைக் காட்டிற்று.

காரின் முகப்பிலுள்ள பட்டிக்கும் இதே விதி பொருந்தும். பழைய கார்களில் ஆப்பு வடிவான பட்டியின் உட்புறமே எல்லாக் கப்பிகளையும் தொட்டமையால் நீர்ப்பம்பியும் எஞ்சினின் திசையிலேயே சுழன்றது. பிற்காலத்தில், 1980கள் தொடக்கம் பரவலாக, ஒரே நீண்ட பல்வரிப் பட்டி பாம்புபோல் வளைந்து எல்லா உறுப்புகளையும் இயக்கலாயிற்று. அதில் சில கப்பிகளைப் பட்டியின் உட்புறமும் சிலவற்றை முதுகுப்புறமும் தொடுகின்றன. முதுகுப்புறம் தொடும் கப்பி எதிர்த்திசையிற் சுழலும். ஆகவே ஒரே எஞ்சின் குடும்பத்திற்கு வெளித்தோற்றத்தில் ஒத்த, உள்ளே சுழல்தகட்டின் வளைவில் வேறுபட்ட இருவகை நீர்ப்பம்பிகள் உருவாயின.

இங்கேதான் மலைப்பாதை தன் சோதனையை வைக்கின்றது. மையநீக்கப் பம்பி ஒன்றைப் பிழையான திசையிற் சுழற்றினால் நீர் எதிர்த்திசையில் ஓடும் என்பது பொதுவான எண்ணம். அது தவறு. நீர் அதே வழியாகத்தான் செல்லும். ஆனால் அளவிலே பெரிதும் குறைந்து செல்லும். ஆகவே பிழையான பம்பியைப் பூட்டிய வண்டி கண்டி நகரினுள்ளும் கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் இடையிலும் எவ்விதக் குறையுமின்றி ஓடித் திரியும். கொழும்பிலிருந்து சுமையோடு திரும்பி, மாவனல்லையைக் கடந்து, 1820களில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸின் காலத்தில் அமைந்த பாதையில் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தொடும்போதே ரேடியேற்றர் கொதிக்கும். அப்போது பலர் ரேடியேற்றரைக் குறைகூறுவர். வெப்பநிலை வால்வைக் கழற்றி எறிவர். உருளைத் தலையையும் கழற்றிப் பார்ப்பர். புதிதாகப் பூட்டிய பம்பியின்மீது எவருக்கும் ஐயம் எழாது. பழுதடைந்த உறுப்பைத் தேடுவோருக்குப் பழுதற்ற உறுப்பொன்று திசைமாறி நிற்றல் எளிதிற் புலப்படுவதில்லை.

விசிறியின் இயல்பும் இதனோடு ஒத்தது. விசிறியை முன்பின்னாகப் புரட்டிப் பூட்டினாற் காற்று எதிர்த்திசையில் வீசாது. அதே திசையில் ஆற்றல் குன்றி வீசும். இதழின் சரிவு புரட்டினாலும் மாறாத ஒரு புரி என்பதே காரணம். ஆனால் நிலைக்காந்த மின்மோட்டாரால் இயங்கும் விசிறியின் இரு வயர்களையும் மாற்றித் தொடுத்தால் விசிறி எதிராகச் சுழன்று காற்றும் உண்மையிலேயே எதிர்ப்பக்கம் வீசும். பழைய ஸ்டார்ட்டருக்கோ இவ்விதி பொருந்தாது. அதன் புலச்சுருளும் ஆமேச்சரும் ஒன்றாகவே முனைமாறுவதால் பற்றறியை எவ்வாறு தொடுத்தாலும் அது ஒரே திசையிற் சுழலும். நேர்முனையைப் புவியிணைத்த பழைய பிரித்தானிய கார்களை எதிர்முனைக்கு மாற்றியோர் ஸ்டார்ட்டரைத் தொடாமலே விட்டது இதனாலேயே.

தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரிலும் இத்தகைய பொறியுண்டு. மொறிஸ் மைனரின் எஞ்சினில் எரிவொழுங்கு 1, 3, 4, 2. டிஸ்ரிபியூட்டரின் சுழலி மேலிருந்து நோக்க இடஞ்சுழியானது. வயர்களை வலஞ்சுழியாக அதே ஒழுங்கில் மாட்டினால் 1ஆம், 4ஆம் உருளைகள் தற்செயலாகச் சரியான இடத்தைப் பெற, 2உம் 3உம் இடம்மாறிவிடும். எஞ்சின் முற்றாக மறுக்காது, இருமிக்கொண்டு பாதி உயிரோடு ஓடும். முழுப் பிழையிலும் பாதிப் பிழையே கண்டறிதற்கு அரிது.

இதுவரை கூறியவற்றில் எஞ்சின் உரிய திசையிற் சுழல, அதன் துணை உறுப்புகளே பிறழ்ந்தன. எஞ்சினே எதிர்த்திசையில் ஓடுதல் கூடுமா? பெற்றோல் எஞ்சினைப் பொறுத்தவரை, கணநேர உதைப்பைத் தவிர, கூடாது எனலாம். பழைய டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை கூடும். அதுவும் மலைச்சரிவிலேயே கூடும்.

சுமையேற்றிய ஒரு பழைய லொறி மகியங்கனைப் பாதையின் கொண்டையூசி வளைவுகளில் ஒன்றில் முதற்கியரில் ஏறுகின்றதெனக் கொள்வோம். எஞ்சின் திணறி நின்றுவிடுகின்றது. பிறேக் பிடிக்குமுன் வண்டி பின்னோக்கி உருள்கின்றது. கியர் விலக்கப்படாமையால் சில்லுகள் எஞ்சினை எதிர்த்திசையிற் சுழற்றுகின்றன. இப்போது உருளையினுள் நிகழ்வது யாது? நான்கு அடிகளும் தலைகீழ் ஒழுங்கில் வருகின்றன. முசலம் இறங்கும்போது திறந்திருப்பது வெளியேற்று வால்வு. ஆகவே புகைக்குழாயினூடாக வளி உள்ளிழுக்கப்படுகின்றது. அடுத்து இரு வால்வுகளும் மூடியிருக்க முசலம் ஏறுகின்றது. வளி நெருக்கப்பட்டுச் சூடேறுகின்றது. அவ்வேளையில் எரிபொருள் சீறுமாயின் எரிவு நிகழ்ந்து முசலத்தைத் தள்ளும். பின்னர் முசலம் ஏறும்போது உள்ளெடு வால்வு திறந்திருக்க, எரிந்த புகை வளிவடிகட்டியினூடாக வெளியேறுகின்றது. சக்கரம் முழுமை பெற்றுவிட்டது. பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் காபரேற்றரினூடாக வளியோடு கலந்து வருதலின், புகைக்குழாயினூடாக இழுக்கப்படும் வெறும் வளியில் எரிவதற்கு ஒன்றுமில்லை. டீசலிலோ எரிபொருள் தனியே பம்பியால் உருளையினுட் செலுத்தப்படுகின்றது. பம்பியின் முனைத்தகடு எப்பக்கம் சுழன்றாலும் உந்துதண்டை உயர்த்தும் வடிவினதாயின் எரிபொருளும் சீறும்.

சாரதி காண்பது விந்தையானது. எஞ்சின் மீண்டும் கிளம்பிவிட்டதென எண்ணி முதற்கியரில் கிளச்சை விடுகின்றார். வண்டி மேலேறாது பின்னோக்கிப் பாய்கின்றது. எஞ்சின் மூடியின் கீழிருந்து கரும்புகை எழுகின்றது. எண்ணெய் நிரப்பிய வளிவடிகட்டி சூட்டினால் தீப்பற்றவும் கூடும். எண்ணெய்ப் பம்பி எதிராகச் சுழல்வதால் தாங்கிகளுக்கு எண்ணெய் செல்லாது. சில நிமிடங்களில் அவை தேய்ந்து பிடித்துக்கொள்ளும். உள்ளெடு குழாயின் வெற்றிடத்தால் வேகத்தை ஆளும் பழைய வகை ஆளியைக் கொண்ட எஞ்சினாயின் நிலை மேலும் மோசமானது. அக்குழாயில் இப்போது வெற்றிடமில்லை, புகையே உண்டு. ஆளி கட்டவிழ்ந்து எரிபொருள் முழு அளவிற் பாய்கின்றது. வேகம் ஏறிக்கொண்டே போகின்றது. எரிபொருளை நிறுத்தும் இழுவையை உடனே இழுப்பதும், பிறேக்கை அழுத்தியவாறு மேற்கியர் ஒன்றிற் கிளச்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்கச் செய்வதுமே வழிகள்.

இவ்வாபத்தை உணர்ந்த பொஷ் நிறுவனத்தார் எதிர்ச்சுழற்சியில் எஞ்சின் கிளம்பாதவாறு முனைத்தகட்டின் வடிவை மாற்றியமைத்த பம்பிகளையும் செய்தனர். உணரிகளால் தண்டின் நிலையை அறிந்து மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் இக்கால டீசல்களில் இது நிகழ இடமில்லை. ஆனால் மலையகத்தில் ஓடும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் யாவும் இக்காலத்தவை அல்ல. இதே இயல்பை ஆக்கத்திற்குப் பயன்படுத்தியோரும் உளர். பெருங்கப்பல்களின் ஈரடி டீசல்களை நிறுத்தி எதிராகக் கிளப்பியே கப்பலைப் பின்செலுத்துவர். 1950களில் ஜேர்மனியில் வெளிவந்த மெசர்ஷ்மிற் மூன்றுசில்லு வண்டியின் ஈரடி எஞ்சினையும் எதிராகக் கிளப்பலாம். முன்செல்ல நான்கு கியர்கள் இருந்ததுபோலவே பின்செல்லவும் நான்கு இருந்தன.

பற்றறி இறந்த காரைச் சரிவிலே கிளப்பும் மலையகச் சாரதிகளின் பழக்கமொன்று இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. ஏற்றத்தை நோக்கி நிற்கும் காரைப் பின்னோக்கி உருளவிட்டு, பின்கியரிற் கிளச்சை விடுவர். பின்கியரிற் பின்செல்லும்போது எஞ்சின் தன் இயல்பான திசையிலேயே சுழலுமென்பதை அவர்கள் நூலிற் கற்றதில்லை.

பேராதனையில் பொறியியற் பீடம் 1964 முதல் இயங்கிவருகின்றது. அங்கு கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. தொழிற்பயிற்சி நிலையங்களிலோ தமிழும் சிங்களமும் போதனை மொழிகள். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் நமக்குச் சொற்களைத் தந்தன. முசலமும் பறப்புச்சில்லும் பற்சில்லும் பாடநூல்களில் நிலைபெற்றன. ஆனால் சொல்லுக்குச் சொல் ஈடு தேடிய நம் முயற்சியில், ஆங்கில நூலாசிரியர் முகவுரையில் ஒருமுறை கூறிவிட்டு விட்டுவிட்ட நோக்கிடம் மொழிபெயர்ப்பிற் காணாமற் போய்விடுகின்றது. அதிகாரம் அதிகாரமாகப் பிரித்தெடுத்து உருட்டச்சிட்ட பயிற்சித் தாளில் வலஞ்சுழி என்னும் சொல் மட்டும் தனித்து நிற்கும். அதனைக் கற்ற மாணவன் பல்வரிப் பட்டியின் முன்னோ இடம்புரிச் சுரையின் முன்னோ நிற்கும்போது அச்சொல் அவனைக் கைவிட்டுவிடுகின்றது. சொல்லின் தூய்மை பற்றி நாம் நடத்திய விவாதங்களில் நூற்றிலொரு பங்கையேனும் சொல்லின் பயன்பாடு பற்றி நடத்தியிருக்கலாம்.

செய்யவேண்டியது பெரிதன்று. எஞ்சினைக் குறிக்குமிடத்துக் கப்பிப்பக்க வலஞ்சுழி, பறப்புச்சில்லுப்பக்க இடஞ்சுழி என நோக்கிடத்தைச் சொல்லோடு சேர்த்தே எழுதலாம். சில்லைக் குறிக்குமிடத்து வலம், இடம் என்பவற்றை விடுத்து, மேல்விளிம்பு முன்செல்லச் சுழல்வது என்று எழுதலாம். அது இருபக்கச் சில்லுகளுக்கும் பொதுவாகப் பொருந்தும். திருகாணிக்கும் சுரைக்கும் மட்டும் வலம்புரி, இடம்புரி என்னும் சொற்களை ஒதுக்கி வைத்து, சுழற்சிக்கு அவற்றை வழங்காதிருக்கலாம். பம்பியையோ டிஸ்ரிபியூட்டரையோ கழற்றுமுன் அதன் உடலில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி இடுவதைக் கட்டுகஸ்தோட்டைக் கராஜ்களில் நாம் கண்டிருக்கின்றோம். புதிய உறுப்பை வாங்கச் செல்லும் பையன் அவ்வம்புக்குறியிட்ட பழைய உறுப்பையும் கையோடு கொண்டு சென்று, கடைக்காரரின் மேசைமீது இரண்டையும் அருகருகே வைத்து, தகட்டின் வளைவை விரலால் தடவிப் பார்த்தபின்னரே பணத்தைக் கொடுக்கின்றான்.